முதல் நாள் கூட்டமும் மொத்த வாக்கும்: 2018, 2022 இடைக்காலத் தேர்தல்களின் முன்வாக்குகளை எப்படி ஒப்பிடுவது?

பதிவு 1 – அட்லாண்டா புறநகர் வாசகி (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தலைச் சில செய்தித்தாள்கள் 'இடைத்தேர்தல்' என்று எழுதிவிடுகின்றன. நமக்கு இடைத்தேர்தல் என்றால் ஒரு தொகுதி காலியாகி நடப்பது. ஆகவே இந்த இழையில் 'இடைக்காலத் தேர்தல்' என்றே எழுதுகிறேன். தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் சென்றோ அஞ்சலிலோ போடப்படும் வாக்கை 'முன்வாக்கு' என்று சுருக்கிக்கொள்கிறேன்.

2022 அக்டோபர் 17 அன்று ஜார்ஜியாவில் முன்வாக்குப்பதிவு தொடங்கியது. அந்த ஒரே நாளில் ஏறத்தாழ 1,31,000 பேர் நேரில் வாக்களித்தார்கள். 2018இன் முதல் நாள் எண்ணிக்கை ஏறத்தாழ 71,000 தான். இரண்டு மடங்கை நெருங்கும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இதுவரை காணாத அளவுக்கு மக்கள் திரளப்போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சுதான். நானும் அப்படியே நம்பினேன்.

வாக்கு எண்ணி முடிந்தபின் ஆளுநர் தேர்தலின் மொத்தத்தை எடுத்துப் பார்த்தேன். 2018இல் 39,39,328; 2022இல் 39,53,408. இரண்டுக்கும் வேறுபாடு பதினாலாயிரம் சொச்சம்தான். இத்தனைக்கும் அந்த நான்கு ஆண்டுகளில் நடப்பிலுள்ள வாக்காளர் பட்டியல் ஏறத்தாழ 64 லட்சத்திலிருந்து 70 லட்சத்தை நெருங்கிவிட்டிருந்தது. விழுக்காட்டில் பார்த்தால் வாக்களிப்பு ஏறவில்லை; 61இலிருந்து 57க்கு இறங்கியிருக்கிறது.

அப்படியானால் முதல் நாள் வந்த அந்தக் கூட்டம் யார்? எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 6 அன்று, வேலை முடிந்து மாலையில், நானும் கணவரும் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட சாவடிக்குப் போனோம். ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் அது. வரிசை கதவைத் தாண்டி வாகனம் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. இயந்திரங்கள் மிகக் குறைவு. கைக்குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற இருவர் இரவுப்பணிக்கு நேரமாகிவிட்டது என்று வாக்களிக்காமலே திரும்பிப் போனதைப் பார்த்தேன். அவர்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால்தான் 2022இல் முதல் நாள் காலையிலேயே பக்கத்து நூலகத்துக்குப் போனேன். முன்வாக்குக் காலத்தில் கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எந்த மையத்திலும் வாக்களிக்கலாம். தேர்தல் நாளன்று மட்டும் ஒதுக்கப்பட்ட சாவடிக்கே போகவேண்டும். படிவத்தை நிரப்பி, ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைத் தொடுதிரையில் செருகித் தேர்வுகளைத் தொட்டதும் பக்கத்திலிருந்த அச்சுப்பொறி ஒரு தாளைத் தள்ளியது. பெயர்களைப் படித்துச் சரிபார்த்துவிட்டு, ஸ்கேனரில் நானே நுழைத்தேன். (2018இல் இருந்த பழைய இயந்திரத்தில் தாளே கிடையாது.) வாக்களித்தவர்களுக்குத் தரும், பீச் பழம் போட்ட ஒட்டுவில்லையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

2018இல் தேர்தல் நாள் கணக்கில் இருந்த என் வாக்கு 2022இல் முதல் நாள் கணக்குக்கு இடம் மாறியது. வாக்கு என்னவோ அதே ஒன்றுதான். 2018இல் ஜார்ஜியாவின் மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 21 லட்சம், முன்வாக்குகள். 2022இல் 25 லட்சத்தைத் தாண்டின. முன்வாக்கு கூடிய அளவுக்குத் தேர்தல் நாள் வாக்கு குறைந்திருக்கிறது. ஆகவே, முன்வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு இடைக்காலத் தேர்தலை இன்னொன்றோடு ஒப்பிட்டு 'எழுச்சி' என்றோ 'சோர்வு' என்றோ சொல்வது தவறு என்பது என் கருத்து. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கணக்கையும் எழுதுங்கள்.

பதிவு 2 – டல்லாஸ் வாசகர்

டெக்சஸில் இதைவிடச் சிக்கலான ஒரு கண்ணி இருக்கிறது, அம்மா.

2018இல், தேர்தல்களைக் கவனிக்கும் எங்கள் மாநிலச் செயலர் அலுவலகம் நாள்தோறும் வெளியிட்ட முன்வாக்குக் கணக்கு 254 கவுண்டிகளுக்கும் உரியதன்று. வாக்காளர் அதிகமுள்ள 30 கவுண்டிகளுக்கு மட்டுமே உரியது. அந்த 30இல் மட்டும் முன்வாக்குக் காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 48.8 லட்சம் வாக்குகள் விழுந்தன. 2014 இடைக்காலத் தேர்தலில் மாநிலம் முழுவதும், தேர்தல் நாளையும் சேர்த்து, விழுந்த வாக்குகளே 47.3 லட்சம் என்பதை நினைத்தால் அது உண்மையான பெருக்கம்தான். செனட் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் பெட்டோ ஓரூர்க்கும் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸும் மோதிய ஆண்டு அது. மொத்த வாக்கு 83.7 லட்சத்துக்கு எகிறியது.

2022இல் வெளியான நாள்கணக்கு எல்லாக் கவுண்டிகளையும் உள்ளடக்கியது. முடிவில் அது ஏறத்தாழ 55 லட்சம் காட்டியது. '2018இல் 49, இந்த முறை 55' என்று என் அலுவலக நண்பர் ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னபோது, இரண்டும் வேறு வேறு நிலப்பரப்பின் எண்கள் என்று விளக்க எனக்கு ஒரு மதிய உணவு நேரம் முழுவதும் பிடித்தது. நடந்தது என்னவென்றால், மொத்த வாக்கு 81 லட்சமாக இறங்கியது. பதிவு பெற்ற வாக்காளரோ 1.58 கோடியிலிருந்து 1.77 கோடியாக ஏறியிருந்தார்கள். 53 விழுக்காடு 46 ஆனது.

உங்கள் ஜார்ஜியாவில் முன்வாக்கு கூடியும் மொத்தம் நகரவில்லை. எங்கள் டெக்சஸில் முன்வாக்கு கூடியதாகத் தோன்றியபோதே மொத்தம் சரிந்தது.

பதிவு 3 – பிலடெல்ஃபியா வாசகர்

பென்சில்வேனியாவில் 2018ஐயும் 2022ஐயும் ஒப்பிடவே கூடாது. 2018இல் வெளியூரில் இருப்பேன், நோயாக இருக்கிறேன் என்பதுபோல் சட்டம் ஏற்கும் காரணம் காட்டினால்தான் அஞ்சல் வாக்கு கிடைக்கும். 2019இல் 77ஆம் சட்டம் வந்தபின் காரணம் எதுவும் தேவையில்லை. 2022இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் வாக்குகள் வந்தன. அதை 2018இன் சிறு எண்ணால் வகுத்து 'இத்தனை மடங்கு' என்று போட்ட வரைபடம் ஒன்றை அப்போது பலர் பகிர்ந்தார்கள்; அது மக்களின் ஆர்வத்தையா அளக்கிறது? சட்டத் திருத்தத்தை அளக்கிறது.

நியூயார்க்கிலும் 2018இல் நேரடி முன்வாக்குப்பதிவே இல்லை; 2019இல்தான் தொடங்கியது. மிச்சிகன் மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்துத்தான் ஒன்பது நாள் முன்வாக்குப்பதிவை அரசியலமைப்பில் சேர்த்தார்கள். எனவே அங்கு 2026தான் அந்த ஏற்பாட்டோடு நடக்கும் முதல் இடைக்காலத் தேர்தல். தேசிய மொத்தத்தைப் பார்க்கும்போது இவையெல்லாம் ஒரே கூட்டலுக்குள் அடங்கிவிடுகின்றன.

பதிவு 4 – மதுரை வாசகர்

வெளியிலிருந்து படிக்கிறவன் கேட்கிறேன், பொறுத்தருள்க. எங்கள் ஊரில் ஒரு தொகுதிக்கு ஒரே நாள்தான் வாக்குப்பதிவு. காலை ஒன்பது மணிக்கு இத்தனை விழுக்காடு, பதினொன்றுக்கு இத்தனை என்று தேர்தல் அலுவலகம் சொல்லச் சொல்ல நாங்கள் பழைய தேர்தலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம். தேர்தல் பணியிலிருக்கும் ஊழியர் போன்றோருக்குத் தபால் வாக்கு உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியும் இருந்தது. மற்ற பெரும்பாலோருக்கு அந்த ஒரு நாள்தான்.

நீங்கள் மூவரும் சொல்வதைப் பார்த்தால், மூன்று வாரம் சாவடி திறந்து வைத்தும் புதிதாக ஒரு வாக்காளர்கூடக் கூடவில்லை என்றல்லவா ஆகிறது? அப்படியானால் அந்த ஏற்பாட்டுக்குச் செலவழிப்பதன் பயன்தான் என்ன? இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

பதிவு 5 – கொலம்பஸ், ஒஹாயோ: புள்ளியியல் ஆசிரியர்

மதுரை நண்பரின் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. ஆராய்ந்திருக்கிறார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பாரி பர்டன், டேவிட் கேனன், கென்னத் மேயர், டொனால்ட் மொய்னிஹன் ஆகிய நால்வரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், முன்வாக்குப்பதிவைத் தனியாக மட்டும் கொண்டுவந்த இடங்களில் மொத்த வாக்களிப்பு கூடவில்லை, சற்றுக் குறைந்தது என்று கண்டார்கள். அவர்கள் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது: தேர்தல் நாள் என்ற ஒரே நாளுக்கு இருந்த பரபரப்பு, அண்டை வீட்டார் பேச்சு, கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து அழைத்துப் போகும் முனைப்பு ஆகியவை பல நாள்களில் சிதறிவிடுவதால், அரைமனதோடு இருப்பவரைத் தள்ளிக்கொண்டு வரும் விசை குறைகிறது. ஆனால் வாக்களிக்கும் அன்றே பெயரைப் பதிந்துகொள்ளும் வசதியும் சேர்ந்திருந்தால் வாக்களிப்பு உயர்கிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அனைவருக்கும் வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பும் முறை வேறு வகை. கலிஃபோர்னியா, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, அது மொத்த வாக்களிப்பை ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துகிறது. எந்தக் கட்சிக்கும் தனிச் சாதகம் தரவில்லை.

இனி தேசிய அளவில். வாக்குரிமை உள்ளோரில் 2014இல் வாக்களித்தவர்கள் 37 விழுக்காட்டைத் தொடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இடைக்காலத் தேர்தல்களில் அதுவே மிகத் தாழ்ந்தது. 2018இல் அது ஏறத்தாழ 50 ஆனது. ஒரு நூற்றாண்டில் காணாத உயரம். 2022இல் 46. முன்வாக்குகளோ, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெக்டொனால்ட் மாநிலந்தோறும் திரட்டிய கணக்கில், 2018இல் ஏறத்தாழ 3.9 கோடி, 2022இல் ஏறத்தாழ 4.6 கோடி. முன்வாக்கு 70 லட்சம் ஏறிய அதே காலத்தில் வாக்களிப்பு விகிதம் நான்கு புள்ளி இறங்கியது. இழையைத் தொடங்கியவரின் நூலகக் கதை நாடு முழுவதற்கும் பொருந்துகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமும் தேர்தலுக்குப்பின் வீடுகளில் கேட்டு ஒரு கணக்கு வெளியிடுகிறது. அதன்படி 2018இல் வாக்களித்தவர்களில் 40 விழுக்காட்டினர் தேர்தல் நாளுக்கு முன்போ அஞ்சலிலோ வாக்களித்தார்கள். மெக்டொனால்டின் எண்ணை மொத்தத்தால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். காரணம், தேர்தல் நாளன்று பெட்டியில் போடப்பட்ட அஞ்சல் உறையும், அதற்குப் பிறகு வந்துசேர்ந்த உறையும் முந்தைய நாள்வரையான கணக்கில் இடம்பெறுவதில்லை. சில மாநிலங்கள் நாள்கணக்கையே வெளியிடுவதில்லை. கலிஃபோர்னியாவில் தேர்தல் நாள் அஞ்சல் முத்திரை இருந்தால் உறை பிந்தி வந்தாலும் ஏற்கப்படும். எனவே ஒரு தேர்தலுக்கு ஒரு மூலத்தையும் இன்னொன்றுக்கு வேறு மூலத்தையும் எடுத்து ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

இரண்டாவது, நாள்காட்டி. 2018இல் தேர்தல் நவம்பர் 6. 2022இல் நவம்பர் 8. 'அக்டோபர் 25 வரை' என்று இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டால் ஒன்றுக்கு 12 நாள் மீதி, மற்றொன்றுக்கு 14 நாள் மீதி. தேர்தலுக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணித்தான் ஒப்பிடவேண்டும்.

பதிவு 6 – மேகன் நகர், ஜார்ஜியா: செவிலியர்

மேலே எழுதியவர்களின் கணக்குகளை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இடம் மாறிய வாக்குதான்' என்ற சொல்லில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பன்னிரண்டு மணி நேரப் பணி. காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வருவேன். சாவடி மூடுவது ஏழு மணிக்கு. தேர்தல் செவ்வாயன்று பணி விழுந்துவிட்டால், முன்வாக்கு நாள்கள் இல்லையென்றால், என் வாக்கு இல்லை. மாநில மொத்தம் 39 லட்சத்தில் நின்றது என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு எதுவும் மாறவில்லை என்று ஆகிவிடாது. ஒருபுறம் சிலர் சேர, மறுபுறம் சிலர் விலகினாலும் மொத்தம் நகராமல்தானே இருக்கும்? 2018க்கும் 2022க்கும் நடுவே யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள் என்பதை மொத்தக் கூட்டுத்தொகை காட்டாது.

2021இல் ஜார்ஜியா சட்டமன்றம் நிறைவேற்றிய 202ஆம் மசோதாவைப் பற்றி நடந்த சண்டையில் இதே முன்வாக்கு எண்தான் ஆயுதமானது. அஞ்சல் வாக்குக்கு அடையாள எண் கட்டாயம், உறை போடும் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு உணவோ தண்ணீரோ கொடுக்கத் தடை என்று அதில் பல விதிகள். இரண்டு சனிக்கிழமைகளில் முன்வாக்குப்பதிவைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான் என்பதையும் சொல்லவேண்டும். 2022 அக்டோபரில் முன்வாக்கு எகிறியதும், 'பாருங்கள், யாரையும் தடுக்கவில்லை' என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். தேர்தல் முடிந்தபின் பிரென்னன் மையம் என்ற சட்ட ஆய்வு அமைப்பு வாக்காளர் பட்டியலை ஆராய்ந்து, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான வாக்களிப்பு இடைவெளி விரிந்திருப்பதாகச் சொன்னது. முதல் நாள் எண்ணால் இந்த இரண்டாவது செய்தியை ஒருபோதும் காட்டியிருக்க முடியாது.

இன்னொன்று. ஜார்ஜியாவில் யாரும் பாதிக்கு மேல் வாக்கு பெறாவிட்டால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று நடக்கும். 2021 ஜனவரி செனட் இரண்டாம் சுற்று, நவம்பர் தேர்தலுக்குப்பின் ஒன்பது வார இடைவெளியில் நடந்தது. மூன்று வாரம் முன்வாக்குப்பதிவு. ஏறத்தாழ 31 லட்சம் முன்வாக்குகள். புதிய சட்டம் அந்த இடைவெளியை நான்கு வாரமாகச் சுருக்கியது. 2022இன் செனட் இரண்டாம் சுற்றுக்கான முன்வாக்குப்பதிவில், நவம்பர் 28, திங்கட்கிழமை, ஒரே நாளில் மூன்று லட்சம் பேர் வாக்களித்தார்கள். எல்லா அலைவரிசையிலும் 'ஒரு நாள் சாதனை' என்றார்கள். அந்தச் சுற்றின் மொத்த முன்வாக்கு 19 லட்சத்தைச் சுற்றித்தான் நின்றது. நாள்களைக் குறைத்தால் ஒரு நாளைய வரிசை நீளும். அன்று இரவுப்பணி முடித்து நேராகப் போய், பணியுடையோடு இரண்டு மணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு முதியவர் தன் கைத்தடியின் மேல் இரு கைகளையும் ஊன்றி, ஒவ்வொரு முறை வரிசை நகரும்போதும் ஒரு அடி வைத்தார். அந்த நீளத்தைச் சாதனை என்று என்னால் கொண்டாட முடியவில்லை.

பதிவு 7 – டல்லாஸ் வாசகர்

செவிலியர் சகோதரி சொல்வது எங்கள் அஞ்சல் வாக்குக்கும் பொருந்தும். டெக்சஸில் 65 வயதானவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் இன்னும் சில பிரிவினரும்தான் அஞ்சலில் வாக்களிக்கலாம். 2021இல் வந்த சட்டப்படி, உறையில் எழுதும் அடையாள எண் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தவேண்டும். கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் 2022 மார்ச் முதனிலைத் தேர்தலில் 24,000க்கும் மேற்பட்ட உறைகள், எட்டில் ஒன்று என்ற அளவில், தள்ளுபடியாயின. 'வந்துசேர்ந்த அஞ்சல் வாக்கு' என்று நாள்கணக்கில் இருந்தாலும், அத்தனையும் எண்ணப்பட்ட வாக்காகிவிடாது.

பதிவு 8 – அட்லாண்டா புறநகர் வாசகி

மேகன் நகரச் செவிலியர் சகோதரியின் பதிவைப் படித்தபின் என் முதல் பதிவின் ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறேன். 'வாக்கு அதே ஒன்றுதான்' என்பது எனக்கும் என் கணவருக்கும் உண்மை. 2018இல் வரிசையை விட்டுப் போன அந்த இருவருக்கு அது உண்மையாக இருக்கவேண்டியதில்லை. அவர்கள் 2022இல் ஒரு சனிக்கிழமை வாக்களித்திருந்தால், அது புதிதாகச் சேர்ந்த வாக்குதான். மதுரை ஐயாவின் கேள்விக்கும் என் பதில் இதுவே: மொத்தம் கூடாவிட்டாலும், வரிசை குறைவதும், ஒருவர் தன் வேலைநேரத்துக்கு ஏற்ற நாளைத் தேர்ந்துகொள்ள முடிவதும் செலவழிக்கத் தக்க பயன்களே.

ஆனால் ஒப்பீட்டைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. 2026 நவம்பர் 3 தேர்தலின்போது நாள்கணக்குகள் வரும். கூடவே '2022ஐ விட இவ்வளவு கூடுதல்' என்ற தலைப்புகளும் வரும். 2022இல் குடியரசுக் கட்சி ஆதரவாளர் பலர் முன்வாக்கை நம்பாமல் தேர்தல் நாளுக்குக் காத்திருந்தார்கள். 2024இல் அந்தக் கட்சியே முன்கூட்டி வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ஜார்ஜியாவில் மட்டும் 40 லட்சம் பேர் முன்கூட்டி வாக்களித்தார்கள். அந்தப் பழக்கம் தொடருமானால், 2022இன் தேர்தல் நாள் வாக்குகள் பெருமளவு 2026இன் முன்வாக்குகளாக மாறும். யார் எந்தக் கட்சி என்று பிரித்துப் பார்ப்பவர்கள் அதை அலை என்று எழுதிவிடக்கூடும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த முறை முதல் நாள் எண்ணை நான் பகிரப்போவதில்லை. முன்வாக்கு முடியும் வெள்ளிக்கிழமைத் தொகையையும் தேர்தல் நாள் தொகையையும் கூட்டி, பட்டியலிலுள்ள வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தபின்தான் பேசுவேன்.

ஒஹாயோ ஆசிரியருக்கு ஒரு செய்தி. நீங்கள் எடுத்துக்காட்டுகளைத் திரட்டுகிறீர்கள் என்றால் என் மாமியாரையும் சேர்த்துக்கொள்ளலாம். 2018இல் எங்களுக்கு முன்பே, காலையிலேயே, தேர்தல் நாளில் சாவடிக்குப் போய் வந்தார். 2020இல் கொரோனாவுக்கு அஞ்சி அஞ்சலில் வாக்களித்தார். உறையை நள்ளிரவில்கூடப் போடக்கூடிய வெளிப்பெட்டி அப்போது எங்கள் பகுதியில் இருந்தது. 2022இல் பெட்டியைக் கட்டடத்துக்குள், மையம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் வைத்தார்கள். 'உள்ளே வரைக்கும் போகத்தான் வேண்டுமென்றால் அங்கேயே போட்டுவிட்டு வருகிறேனே' என்று என்னோடு நூலகத்துக்கு வந்து, எனக்கு முன்னால் நின்று வாக்களித்தார்.

பதிவு 9 – கொலம்பஸ், ஒஹாயோ: புள்ளியியல் ஆசிரியர்

சேர்த்துக்கொண்டேன், அம்மா. அவர் மூன்று தேர்தல்களில் மூன்று வெவ்வேறு கட்டங்களில் எண்ணப்பட்டிருக்கிறார். ஜார்ஜியாவின் அஞ்சல் வாக்கு 2020இல் 13 லட்சமாக இருந்து 2022இல் இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியதற்கு என் மாணவர்கள் காரணம் கேட்கும்போது, உங்கள் மாமியார் பெட்டியைத் தேடி நூலகத்துக்குள் போனதிலிருந்து தொடங்குவேன்.